மாற்றிய சென்சாரை மறுபடி மாற்றும் முன்: பழைய காரில் திரும்பத் திரும்ப வரும் ஒயரிங் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

நான் கார் எலக்ட்ரீஷியன். என்னிடம் வரும் பழைய கார்கள் பலவற்றின் டிக்கியில் ஒரு பை இருக்கும். ஏற்கெனவே கழற்றிய ஆக்சிஜன் சென்சார், கிராங்க் சென்சார், சில சமயம் ஒரு முழு த்ராட்டில் பாடிகூட அதில் கிடக்கும். எல்லாம் மாற்றியாகிவிட்டது, மீட்டரில் எச்சரிக்கை லைட் மட்டும் மறுபடி எரிகிறது என்பார் ஓனர். அந்தப் பையில் இருப்பதை எடுத்துச் சோதித்தால் பெரும்பாலும் எல்லாமே ஒழுங்காக வேலை செய்யும். நல்ல பாகம் வெளியே வந்துவிட்டது, பச்சை பூத்த ஒயர் இன்னும் உள்ளேயே இருக்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் இந்தச் செலவில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவியான ஸ்கேனர் காட்டும் கோட் (பிழை எண்) எந்த சர்க்யூட்டில் பிரச்சினை என்று மட்டும்தான் சொல்லும். அந்த சர்க்யூட்டில் சென்சார், இரண்டு மூன்று ஒயர், இரண்டு கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்), ஒரு எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), ஈசியு (காரைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எல்லாம் உண்டு. இவற்றில் எது கெட்டது என்பதை நாம்தான் அளந்து பார்க்க வேண்டும். பி0171 என்ற கோட் எரிபொருள் கலவை மெலிந்திருக்கிறது என்கிறது. அதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறார்கள். ஆனால் கலவை மெலிந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னதே அந்த சென்சார்தான். காரணம் வெடித்த வேக்குவம் ஹோஸாக இருக்கலாம், அழுக்கான ஏர் ஃப்ளோ சென்சாராக இருக்கலாம், பலவீனமான பெட்ரோல் பம்பாகவும் இருக்கலாம்.

முதலில் ஒரு நோட்டு

ஒரு கார் வந்ததும் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: எப்போது வருகிறது? விட்டு விட்டு வரும் கோளாறுக்குப் பின்னால் அநேகமாக சூடு, ஈரம், அதிர்வு, லோடு ஆகிய நான்கில் ஒன்று இருக்கும். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு நின்றுபோய், அரை மணி நேரம் ஆறியதும் எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனால் கிராங்க் சென்சார், இக்னிஷன் காயில், ரிலே பக்கம் பார்க்க வேண்டும். மழைக்கோ கழுவியதற்கோ மறுநாள் வந்தால் தண்ணீர் எங்கோ புகுந்திருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது மீட்டர் லைட்டுகள் மின்னினால் லூஸ் கான்டாக்ட். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் ஏர்பேக் லைட் வந்தால் ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் ஒயர் ரிப்பன்; ஏபிஎஸ் லைட் வந்தால் முன்சக்கர சென்சாரின் ஒயர். ஏசி, ஹெட்லைட், புளோயர் எல்லாம் சேர்ந்து ஓடும்போது வந்தால் பேட்டரி, ஆல்டர்னேட்டர், எர்த்.

ஆகவே ஒரு சின்ன நோட்டை காரிலேயே வையுங்கள். கோளாறு வரும் ஒவ்வொரு முறையும் என்ஜின் சூடா குளிரா, எவ்வளவு தூரம் ஓடியிருந்தது, மழையா வெயிலா, எதெல்லாம் ஆனில் இருந்தது என்று எழுதுங்கள். நான்கைந்து பதிவு சேர்ந்ததும் தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

அப்புறம், ஸ்கேனர் காட்டும் கோடை அழிக்காதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். கோடோடு சேர்த்து ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பதிவையும் ஈசியு வைத்திருக்கும். கோளாறு வந்த அந்தக் கணத்தில் ஆர்பிஎம் எவ்வளவு, வண்டியின் வேகம் எவ்வளவு, கூலன்ட் எத்தனை டிகிரி என்பதெல்லாம் அதில் இருக்கும். கோடை அழித்தால் அதுவும் போகும். பேட்டரி டெர்மினலைக் கழற்றினாலும் பல கார்களில் போய்விடும். எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே அடுத்த வேலை.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இங்கே ஒரு வழி இருக்கிறது. விற்கும் முன் கோடை அழித்துவிட்டு லைட் எரியாத காரைக் காட்டுவது எளிது. ஆனால் அழித்தவுடன் ஈசியுவின் சுயபரிசோதனைகளும் முதலிலிருந்து தொடங்கும். ஸ்கேனரில் ரெடினஸ் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். பல மானிட்டர்கள் (அந்தச் சுயபரிசோதனைகள்) இன்னும் முடியவில்லை என்று காட்டினால் சமீபத்தில் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். கோட் அழித்த பிறகு ஓடிய தூரத்தையும் நிறைய கார்கள் சொல்லும். அது வெகு குறைவாக இருந்தால் ஏன் என்று விற்பவரிடம் கேளுங்கள்.

பேட்டரியும் எர்த்தும்

சென்சாரைத் தொடுவதற்கு முன் மின்சாரம் ஒழுங்காக வந்து போகிறதா என்று பார்த்துவிட வேண்டும். சம்பந்தமே இல்லாத நான்கைந்து கோட் ஒரே நேரத்தில் வந்தால் எனக்கு முதல் சந்தேகம் எப்போதும் இங்கேதான்.

காரை இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் எதையும் ஆன் செய்யாமல் பேட்டரியை அளவிடுங்கள். 12.6 வோல்ட் வந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்கும் கீழே என்றால் அதைச் சார்ஜ் செய்து சோதிக்காமல் மேலே போகாதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் ஈசியுக்கள் ஒரு நொடி தடுமாறி, இல்லாத கோளாறையெல்லாம் பதிவு செய்துவிடும். என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வரை இருக்கும். புதிய கார்களில் ஆல்டர்னேட்டரை ஈசியுவே கட்டுப்படுத்துவதால் அளவு ஏறி இறங்கும். ஹெட்லைட்டையும் புளோயரையும் போட்டுவிட்டு அளந்தால்தான் சரியான நிலை தெரியும். மீட்டரை மாறுதிசை மின்சாரத்துக்கான ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, என்ஜின் ஓடும்போதே பேட்டரியில் ஒரு முறை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடு ஒன்று போயிருக்கலாம். அந்த இரைச்சல் சென்சார் சிக்னல்களில் கலந்து விசித்திரமான கோளாறுகளைக் கொண்டுவரும்.

எர்த்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய காரில் முதலில் சாவது அதுதான். பலர் மீட்டரின் பீப் ஒலியை வைத்து எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுகிறார்கள். அந்தச் சோதனையில் ஓடும் மின்சாரம் மிகச் சிறியது. முப்பது இழையில் இருபத்தொன்பது அறுந்து ஒன்றே ஒன்று மிச்சமிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். அதே ஒயரில் பத்து ஆம்பியர் ஓட வேண்டியபோதுதான் சாயம் வெளுக்கும்.

சரியான சோதனை வோல்டேஜ் டிராப், அதாவது மின்சாரம் ஓடும்போது வழியில் எத்தனை வோல்ட் இழக்கப்படுகிறது என்று பார்ப்பது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் நேரடியாக வையுங்கள். கிளாம்ப்பில் வைக்காதீர்கள், கிளாம்ப்பும் சோதனைக்கு உட்பட்டதுதான். சிவப்பு முனையை என்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்தில் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் என்ஜினுக்கும் பேட்டரிக்கும் நடுவே எர்த் கெட்டிருக்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம். அடுத்து சிவப்பு முனையை பாடியில் வைத்து, ஹெட்லைட், புளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் ஆன் செய்து பாருங்கள். அங்கே 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு சென்சார் அல்லது ஈசியுவின் எர்த் பின்னில் (கப்ளருக்குள் இருக்கும் உலோக முனை) இதைவிடவும் குறைவாக, 0.05-க்குள் எதிர்பார்க்கலாம்.

கெட்ட எர்த்தைச் சரிசெய்வது எளிது. போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகத் தேய்த்து, ஒயர் முனையின் உலோக வளையமான லக்கையும் சுத்தம் செய்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். டெயில் லைட்டில் பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் லேசாக மினுங்குகிறது என்றால், அந்த லைட்டின் எர்த் போய் மின்சாரம் அடுத்த பல்பின் வழியே திரும்பிப் போகப் பார்க்கிறது. பல்பை மாற்றிப் பயனில்லை.

ஸ்கேனர் கோடைப் படிப்பது

கோடின் விளக்கத்தில் வரும் கடைசிச் சொற்களைக் கவனியுங்கள். சிக்னல் அதிகம், சிக்னல் குறைவு என்று வந்தால் பெரும்பாலும் ஒயர் அறுந்தோ எர்த்தோடு ஒட்டியோ இருக்கும். ரேஞ்ச் அல்லது பெர்ஃபாமன்ஸ் என்று வந்தால் சிக்னல் வருகிறது, ஆனால் அது சொல்வதை ஈசியுவால் நம்ப முடியவில்லை.

கூலன்ட் சென்சாரை வைத்து ஒரு சோதனை சொல்கிறேன். நான் மிகவும் விரும்பிச் செய்வது இது. இரண்டு ஒயர் மட்டும் உள்ள சென்சார் அது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். ஈசியு 5 வோல்ட் அனுப்பி, அதில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறது. ஸ்கேனரில் வெப்பநிலையைத் திறந்துவைத்து, இக்னிஷன் ஆனில் கப்ளரைக் கழற்றுங்கள். அளவு மைனஸ் 40-க்குப் போக வேண்டும். இப்போது கப்ளரின் இரண்டு பின்னையும் மெல்லிய ஒயரால் இணையுங்கள். அளவு 120, 140 என்று மேலே பறக்க வேண்டும். இரண்டும் நடந்தால் ஒயரும் ஈசியுவும் வேலை செய்கின்றன, மிஞ்சுவது சென்சாரும் அதன் பின்களும்தான். நடக்கவில்லை என்றால் புது சென்சார் போட்டும் பிரயோஜனம் இல்லை. சில ஈசியுக்கள் கப்ளர் கழன்றதும் தானாக ஒரு மாற்று அளவை வைத்துக்கொள்ளும். அப்போது கப்ளரில் 5 வோல்ட் வருகிறதா என்று மீட்டரால் பார்த்துவிடுங்கள். இரண்டு ஒயர் வெப்பநிலை சென்சாரில் மட்டுமே இதைச் செய்யலாம். மூன்று ஒயர் சென்சாரில் பின்களை இணைத்தால் ஈசியு சேதமாகலாம்.

மூன்று ஒயர் சென்சார்களில் ஒன்று 5 வோல்ட் சப்ளை, ஒன்று எர்த், ஒன்று சிக்னல். இந்த 5 வோல்ட் சப்ளையைப் பல சென்சார்கள் பங்கிட்டுக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஏசி பிரஷர் சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால், அதே லைனில் இருக்கும் ஆக்சிலேட்டர் பெடலும் மேப் சென்சாரும் (என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) சேர்ந்து கெட்டுப்போனது போலக் கோட் வரும். கப்ளரில் 5 வோல்ட்டுக்குப் பதில் ஒன்றோ இரண்டோ இருந்தால், மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு அந்த லைனின் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அங்கேதான் ஷார்ட். எல்லாம் கழற்றியும் திரும்பவில்லை என்றால் ஒயர் எங்கோ உரசியிருக்கிறது. இதற்கு அந்த மாடலின் ஒயரிங் வரைபடம் கட்டாயம் வேண்டும். அதைத் தேடிப் பிடிக்கச் செலவாகும் நேரம் வீண்போகாது.

கோட் எதுவும் இல்லாமலேயே சந்தேகம் இருந்தால், இரவு முழுக்க நின்ற காரில் காலையில் இக்னிஷனை மட்டும் போட்டு, ஸ்கேனரில் சென்சார்களின் அப்போதைய அளவுகளைக் காட்டும் லைவ் டேட்டாவைப் பாருங்கள். கூலன்ட், உள்ளே வரும் காற்று, வெளிக்காற்று மூன்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பத்துப் பதினைந்து டிகிரி விலகி நின்றால் அதைப் பிடியுங்கள். என்ஜின் ஓடாதபோது மேப் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும்; கடல் மட்டத்தில் அது ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல்.

கோளாறை வரவழைப்பது

கோளாறு வராத நேரத்தில் காரைக் குடைந்து பயனில்லை. அதை வரவழைக்க வேண்டும். என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, சந்தேகப்படும் சென்சாரின் அளவை ஸ்கேனரில் கிராஃபாக வைத்து, ஒயர் கட்டை ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு சாணாக அசைத்துக்கொண்டே வாருங்கள். ஃபேனும் பெல்ட்டும் சுழலும் பக்கம் கையை விடாதீர்கள். கிராஃபின் கோடு சட்டென்று குதிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். சூட்டில் வரும் கோளாறு என்றால் ஹேர் டிரையரால் சென்சாரைச் சூடாக்குங்கள். ஈரத்தில் வருவது என்றால் தெளிப்பானால் கப்ளர்களில் ஒவ்வொன்றாக லேசாகத் தண்ணீர் தெளியுங்கள்.

எங்கே தேடுவது? டிரைவர் கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் உறைதான் என் முதல் இடம். ஆயிரக்கணக்கான முறை மடங்கி விரிந்து ஒயர் அதற்குள்ளேயே முறிந்திருக்கும், வெளியே எதுவும் தெரியாது. டிக்கிக் கதவின் உறையும் அப்படியே. பவர் விண்டோ, சென்ட்ரல் லாக், ரிவர்ஸ் கேமரா விட்டு விட்டு வேலை செய்தால் உறையைப் பின்னுக்குத் தள்ளி ஒவ்வொரு ஒயரையும் மெதுவாக இழுங்கள். முறிந்த ஒயர் ரப்பர் போல நீளும். அடுத்து பேட்டரி தட்டுக்கு அடியில் ஆசிட் ஒழுகிய இடம், சைலன்சர் பக்கம் போகும் ஒயர்கள், எலி கடித்த தடம், முன்சீட்டின் கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரம். கார்ப்பெட்டுக்கு அடியிலிருக்கும் கப்ளர்களில் மெல்லிய வண்டல் படிந்திருந்தால் அந்தக் கார் ஒருநாள் வெள்ளத்தில் நின்றிருக்கிறது. அப்படிப்பட்ட காரில் ஒரு கோளாறைச் சரிசெய்தால் அடுத்தது கிளம்பும். ஓனரிடம் அதை முன்கூட்டியே நேராகச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

முந்தைய ஓனர்கள் சேர்த்த பொருட்களையும் மறக்காதீர்கள். மியூசிக் சிஸ்டம், அலாரம், ஜிபிஎஸ் டிராக்கர், கேமரா, கூடுதல் ஹாரன் எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் கம்பெனி ஒயரைச் சீவி டேப் சுற்றியிருப்பார். அந்த இணைப்புகளை எல்லாம் தேடிக் கழற்றி, காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

கப்ளரைக் கழற்றினால் பின்களை உற்றுப் பாருங்கள். பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். பின் உள்ளே தள்ளிப்போயிருக்கிறதா, பெண் பின் (எதிர்ப் பின்னை உள்வாங்கும் குழிப் பின்) அகன்றிருக்கிறதா என்றும் பாருங்கள். மீட்டரின் தடித்த முனையைப் பின்னுக்குள் திணித்து அகலப்படுத்தியவர்களால் வந்த கோளாறுகளும் நிறைய உண்டு. கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய ஊசியை நுழைத்து அளப்பதே நல்லது.

ஏபிஎஸ் லைட்டுக்கு ஒரு வார்த்தை. சக்கர சென்சாரை மாற்றும் முன் நான்கு சக்கரத்தின் வேகத்தையும் ஸ்கேனரில் வைத்து மெதுவாக ஓட்டுங்கள். ஒன்று மட்டும் சீராக விட்டு விட்டு விழுந்தால் சக்கரத்தோடு சுழன்று சென்சாருக்கு வேகத்தைக் காட்டும் பல் ரிங்கில் விரிசலோ அழுக்கோ இருக்கலாம். சமீபத்தில் பேரிங் மாற்றியிருந்தால், பல் ரிங்குக்குப் பதிலாகச் சில பேரிங்குகளில் வரும் காந்த ரிங் உள்ள பக்கம் மாறிப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

பேட்டரி தானாக இறங்கினால்

காரைப் பூட்டி, எல்லா ஈசியுவும் தூங்கும்வரை காத்திருங்கள். அரை மணி நேரம்கூட ஆகலாம். பிறகு நெகட்டிவ் லைனில் ஓடும் மின்சாரத்தை அளந்தால் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதிகம் என்றால் பியூஸைப் பிடுங்காதீர்கள். பிடுங்கி மாட்டினால் தூங்கிய ஈசியு விழித்துக்கொள்ளும். பியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் உண்டு. மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அவற்றைத் தொடுங்கள். பூஜ்யம் என்றால் அங்கே மின்சாரம் ஓடவில்லை. ஏதாவது அளவு வந்தால் அந்த லைனைத் தொடருங்கள்.

யு-வில் தொடங்கும் கோட்கள்

ஈசியுக்கள் ஒன்றோடொன்று பேச முடியவில்லை என்பதே இவற்றின் பொருள். முதலில் பேட்டரியையும் அந்த ஈசியுவின் சப்ளை, எர்த்தையும் பாருங்கள். அப்புறம் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனரை மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே மின்தடையை அளவிடுங்கள். ஈசியுக்கள் பேசிக்கொள்ளும் இரண்டு ஒயரான கேன் லைனின் இரு முனையிலும் தலா 120 ஓம் இருப்பதால் பல கார்களில் 60 ஓம் வரும். 120 வந்தால் லைன் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் ஒட்டியிருக்கின்றன. நடுவே கேட்வே (லைன்களை இணைக்கும் ஈசியு) வைத்த கார்களில் இந்த அளவு மாறும், வரைபடத்தைப் பாருங்கள்.

மஞ்சள் கப்ளர்கள் ஏர்பேக்குடையவை. அவற்றில் மல்டிமீட்டரை வைக்கவே கூடாது. ஹைபிரிட், மின்சாரக் கார்களின் ஆரஞ்சு ஒயர்கள் உயிரை எடுக்கும் மின்னழுத்தத்தில் இயங்குபவை. இந்த இரண்டையும் அதற்கென்று பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். பியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஆம்பியர் போடுவதும் வேண்டாம், ஒயர் தீப்பிடிக்கும்.

சரிசெய்து முடித்ததும்

அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்கு அதே கோளாறு வரும். அதே தடிமன் ஒயரை, சரியான கிரிம்பால் அழுத்தி, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். கதவு உறை போல மடங்கும் இடத்தில் இணைப்பு விழாதபடி ஒயரை நீளமாக மாற்றிவிடுங்கள்.

கடைசியில் நோட்டைத் திறந்து, கோளாறு வந்த அதே சூழ்நிலையை உருவாக்கி ஓட்டுங்கள். சூட்டில் வந்தது என்றால் நன்றாகச் சூடாகும்வரை, மழையில் வந்தது என்றால் தண்ணீர் தெளித்து. லைட் எரியவில்லை என்பதோடு விட்டுவிட வேண்டாம். பென்டிங் கோட் பக்கத்தையும் பாருங்கள். பல கோளாறுகளுக்கு இரண்டாவது ஓட்டத்திலும் அதே பிழை வந்தால்தான் லைட் எரியும், முதல் முறை அங்கே மட்டும் பதிவாகும். ரெடினஸ் மானிட்டர்கள் எல்லாம் முடிந்து, பென்டிங் பக்கமும் காலியாக இருந்தால் வேலை முடிந்தது. எந்த ஒயரை எந்த இடத்தில் மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதி, படத்தோடு காரின் ஆவணங்களில் வைத்துவிடுங்கள்.